மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஜாக்கி ஜோடி

வெண்டல் ஹோபன் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார். டிப்போவில் கேக் வெட்டினார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, கை தட்டி அனுப்பிவைத்தார்கள். திங்கட்கிழமை அந்தக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது அவர் தம் வீட்டுச் சமையலறை மேஜையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

அவரை யாரும் பட்டினி போட்டுவிடவில்லை. பிரிஜ்ஜில் உப்பிட்ட பன்றிக்கறி ஹாம் இருந்தது, ரொட்டி இருந்தது, கடுகு விழுது இருந்தது. நெட்டி மட்டும்தான் இல்லை. அவருடைய மனைவி நெட்டி, கார்டினா ஊரின் பாதிப் பெண்களைப் போல, நாலு தெரு தள்ளி இருந்த ஆந்தை கிளப்பில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தாள். காலை பத்து மணிக்குப் போனால் நாலு மணிக்குத் திரும்புவாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். வெண்டலுக்கும் இது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் எப்போதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்ததால், தெரிந்தது உறைக்கவில்லை.

சாயங்காலம் பாத்திரம் துடைக்கும்போது பேச்சை எடுத்தார்.

"நாளைக்கும் போறியா?"

"நாளைக்கு செவ்வாய்க்கிழமை. ஏன் போகாம இருக்கணும்?"

"நான்தான் வீட்ல இருக்கேன்ல."

"இரு. நான் என்ன வெளிய பூட்டிட்டா போறேன்?"

"மதியம் தனியா ஒக்காந்து சாப்பிடறது ஒரு மாதிரி இருக்கு, நெட்டி."

"நான் இருபது வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன். அதுக்கப்புறம்தான் கிளப்புக்குப் போக ஆரம்பிச்சேன். ஒரு மாதிரிதான் இருக்கும். பழகிடும்."

இந்த இடத்தில் வெண்டல் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"அப்படி என்னதான் இருக்கு அதுல? நல்ல சீட்டு வந்தா ஜெயிப்ப, வரலைன்னா தோப்ப. இதுக்கு ஆறு மணி நேரமா?"

நெட்டி கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்தாள். அதை அலமாரியில் வைத்தாள். துணியை உதறிக் காயப் போட்டாள். பிறகு திரும்பினாள்.

"பந்தயம் வெச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"வியாழன், வெள்ளி, சனி. மூணு நாளும் காலைல என் மேஜைல வந்து ஒக்காரு. காசு குடுத்து ஒரு பெட்டி பந்தயச் சில்லு வாங்கிக்க, நூறு இருக்கும். தீந்தா மறுபடி வாங்கக் கூடாது. சனிக்கிழமை பன்னெண்டு மணிச் சங்கு ஊதும்போது உன் முன்னால ஒரே ஒரு சில்லாவது இருந்தா, திங்கள்லேர்ந்து தினம் மதியச் சாப்பாடு நான் சமைக்கிறேன்."

"இல்லன்னா?"

"நீயே சமைச்சுக்க. சாப்பாட்டைப் பத்தி இனிமே மூச்சு விடக் கூடாது."

நூறு சில்லை மூன்று நாள் காப்பாற்றுவதில் என்ன கஷ்டம் என்று வெண்டலுக்குப் புரியவில்லை. கை கொடுத்தார். அந்தக் காலி நாற்காலியில் நெட்டி உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுத் தின்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"எல்லா ஆட்டத்துலயும் சீட்டைக் கவுத்து வெச்சிட்டு ஒதுங்கிட்டே இருந்தா என்ன? தோக்கவே முடியாதே" என்றார்.

"ஆட்டத்துக்கு ஒரு சில்லு நுழைவு போடணும். ரெண்டு மணி நேரத்துல அம்பது ஆட்டம் வரும். மூணு நாள்ல எத்தனை ஆச்சு?"

வெண்டல் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமையே கை காலியாகிவிடும்.

"ஆடித்தான் ஆகணும்" என்றாள் நெட்டி. "நாளன்னைக்குச் சொல்லித் தரேன். ஒண்ணும் தெரியாதவனை ஜெயிச்சா எனக்கு என்ன பெருமை?"

புதன்கிழமை சாயங்காலம் பாடம் நடந்தது. புத்தகம் இல்லை, சீட்டுக்கட்டு கூட இல்லை. நெட்டி ஒரு பெரிய கிண்ணத்தையும், காய்ந்த வெள்ளை பீன்ஸ், சிவப்பு பீன்ஸ் பொட்டலங்கள் இரண்டையும் மேஜையில் வைத்தாள்.

"ஆட்டம் சுலபம். ஆளுக்கு அஞ்சு சீட்டு. கையில ஜாக்கி ஜோடியோ அதுக்கு மேலயோ இருக்கிறவங்க மட்டும்தான் ஆட்டத்தைத் திறக்கலாம். திறந்தப்புறம் மத்தவங்க கூட வரலாம், இல்ல கவுத்துடலாம். வந்தவங்க வேண்டாத சீட்டைக் கழிச்சிட்டு மாத்துச் சீட்டு வாங்கலாம். அப்புறம் இன்னொரு தடவை பந்தயம். கடைசில பெரிய கை ஜெயிக்கும்."

"எது பெருசு?"

"ஜோடி, ரெண்டு ஜோடி, ஒரே மாதிரி மூணு, வரிசையா அஞ்சு, ஒரே இனத்துல அஞ்சு, அதாவது அஞ்சும் ஆர்ட்டின், இல்ல அஞ்சும் கிளாவர். அதுக்கு மேல இருக்கிறது உனக்கு வரும்போது சொல்றேன். கவலைப்படாத, வராது."

பிறகு கிண்ணத்துக்குள் பீன்ஸை எண்ணிப் போட்டாள். நாற்பத்து மூன்று வெள்ளை, நாலு சிவப்பு.

"கட்டுல அம்பத்திரண்டு சீட்டு. உன் கையில இருக்கிற அஞ்சு போனா, உனக்குத் தெரியாதது நாப்பத்தேழு. உங்கிட்ட அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்பது இருக்கு. நடுவுல ஏழு வந்தா வரிசை. கட்டுல எத்தனை ஏழு?"

"நாலு."

"அதான் அந்த நாலு சிவப்பு. கண்ணை மூடிட்டு ஒண்ணு எடு."

வெண்டல் எடுத்தார். வெள்ளை. திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார். வெள்ளை. மூன்றாவது தடவை சிவப்பு வந்தது.

"பாத்தியா!" என்றார் வெண்டல்.

"பாத்தேன். இதுதான் மனுஷனைக் கெடுக்கிறது. எடுத்துக்கிட்டே இரு."

எடுத்துக்கொண்டே இருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் ஆகும் வரைக்கும் எடுத்தார். அடுத்த சிவப்பு எப்போது வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அதற்குள் அவர் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார்.

"பன்னெண்டுல ஒரு தடவை" என்றாள் நெட்டி. "நடு ஓட்டையை நம்பிப் போறவங்க காசுலதான் அந்த கிளப்புக்கு வெள்ளை அடிக்கிறாங்க." இப்போது ஐந்து சிவப்பைக் கூடப் போட்டு ஐந்து வெள்ளையை எடுத்தாள். "ஒரே இனத்துல நாலு சீட்டு கையில இருந்தா இப்படி. ஒம்பது சிவப்பு. அஞ்சுல ஒரு தடவை வரும். அப்ப நீ ஒரு சில்லு போட்டா நடுவுல எத்தனை இருக்கணும்?"

"நாலு?"

"நாலுக்கு மேல. இருந்தா போ, இல்லைன்னா கவுத்துடு. இவ்வளவுதான் பாடம். எத்தனை தடவைல ஒரு தடவை வரும், வந்தா எத்தனை கெடைக்கும். இதுல எது பெருசுன்னு பாரு."

"அவ்வளவுதானா?"

"இன்னும் ரெண்டு. ஜாக்கியை விடச் சின்ன ஜோடி இருந்தா, எதிராளி திறந்தப்புறம் கூடப் போகாத. அவங்க ஏற்கனவே உன்னை விட முன்னால இருக்காங்க. பெரிய ஜோடி இருந்தா ஜோடியை மட்டும் வெச்சுக்க. கூட ஒரு ராஜா அழகா இருக்குன்னு கையில பிடிச்சு வெச்சுக்காத. மூணு சீட்டு வாங்கு."

வெண்டலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பீன்ஸை இரண்டு பொட்டலத்திலும் பிரித்துப் போடச் சோம்பல்பட்டு ஒரே டப்பாவில் கொட்டி மூடினார்.

வியாழக்கிழமை கிளப் வாசலில் மேற்பார்வையாளர் டெல்மர் நின்றிருந்தார். கழுத்தில் பட்டாம்பூச்சி போல டை கட்டிய, சிரித்தே பழக்கமில்லாத மனிதர்.

"மிஸஸ் ஹோபன், இவர் உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா. பழகிட்டேன்."

"சார், புருஷன் பொண்டாட்டி ஒரே மேஜைல ஆடலாம். ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுக்கிறதை நான் பாத்தேன்னா ரெண்டு பேரும் வெளிய. அப்புறம் இந்தப் பக்கமே வர முடியாது."

"அவ எனக்கு எதையும் விட்டுக்கொடுத்ததில்ல" என்றார் வெண்டல். டெல்மர் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு உள்ளே விட்டார்.

மேஜைக்கு எட்டுப் பேர். அவர்களில் நெட்டியின் பக்கத்தில் எப்போதும் இருப்பவள் கோல்டி ஸ்லாட்கின், தொப்பியில் பிளாஸ்டிக் செர்ரிப் பழங்கள் குத்திய விதவை. எதிரே மிட்ஸ் ஹமாதா. பூச்செடி நர்சரியை மகனிடம் கொடுத்துவிட்டு, அவன் அதைக் கெடுப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் இங்கே வந்து உட்கார்பவர். பந்தய விஷயம் வெண்டலுக்கு முன்பே மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"இவர்தான் லஞ்சா?" என்றாள் கோல்டி.

"இவர்தான்" என்றாள் நெட்டி.

முதல் அரை மணி வெண்டல் நன்றாகத்தான் கவிழ்த்தார். பிறகு ஒரு ராணி ஜோடி வந்தது. திறந்தார். ரெண்டு சில்லு போட்டார். மிட்ஸ் அதற்கு மேலே ஏற்றினார். வெண்டலும் போட்டார். சீட்டு மாற்றியும் ஒன்றும் தேறவில்லை. மிட்ஸ் மாற்றுச் சீட்டே வேண்டாம் என்று மேஜையைத் தட்டினார். வாங்காதவர் கையில் ஐந்தும் சேர்ந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியும். வெண்டலுக்கும் தெரிந்தது. மிட்ஸ் மறுபடி பந்தயம் கட்டினார். வெண்டலும் போட்டார்.

"ஏன்யா?" என்றார் மிட்ஸ், வரிசையாக ஐந்தைக் காட்டி. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இவ்வளவு போட்டாச்சு, நடுவுல விட்டுட்டு வர முடியுமா?"

இதே மாதிரி அன்று காலை ஏழெட்டு தடவை நடந்தது. ஏறியவர் இறங்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தீயணைப்பு நிலையச் சங்கு ஊதியபோது பெட்டியில் முப்பத்தெட்டு சில்லு மீதி. கோல்டி அவருக்கு ஒரு செர்ரிப் பழ மிட்டாய் கொடுத்தாள்.

"எடுத்துக்கோப்பா. இப்படியே போனா சனிக்கிழமை உனக்கு இதுதான் லஞ்ச்."

சங்கு ஊதியதும் சிலர் எழுந்தார்கள். டெல்மரிடம் மஞ்சள் வில்லை ஒன்றை வாங்கித் தங்கள் சில்லுகள் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அந்த வில்லை இருந்தால் அரை மணி நேரத்துக்கு இடம் அவர்களுடையது. அதற்கு மேல் ஒரு நிமிஷம் தாமதித்தாலும் வாசல் பலகையில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருப்பவர் வந்து உட்கார்ந்துவிடுவார். நெட்டி எழுந்திருக்கவில்லை. கைப்பையைத் திறந்து உப்பு பிஸ்கட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீ சாப்பிட வரலையா?" என்றார் வெண்டல்.

"எழுந்து போனா பன்னெண்டு ஆட்டம் போயிடும். அதுல ரெண்டு என்னோடது."

"இவ அந்த வில்லையைத் தொட்டு நான் பாத்ததே இல்ல" என்றார் மிட்ஸ். "கையை வெச்சா சுடும்னு நெனைக்கிறா போல."

வெண்டல் வீட்டுக்குப் போய் ஹாம் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் நெட்டி கேலி எதுவும் செய்யவில்லை. அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவையாவது பஸ்ஸை நடுவழில விட்டுட்டு வந்திருக்கியா?"

"அது எப்படி? ஏறினவங்க என்ன ஆவாங்க?"

"அதான். ஒவ்வொரு கையையும் டிப்போ வரைக்கும் ஓட்டிட்டுப் போற. இதுல நீ டிரைவர் இல்ல வெண்டல், பயணி. எங்க வேணும்னாலும் எறங்கிக்கலாம். உன்னை யாரும் திட்ட மாட்டாங்க."

"போட்ட சில்லு?"

"நடுவுல தள்ளின நிமிஷமே அது உன்னுது இல்ல. டிக்கெட் காசை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

வெண்டல் அன்று படுக்கையில் இதை யோசித்தார். முப்பத்தொரு வருஷமாக எத்தனையோ பேர் மணியை இழுத்து, நன்றி சொல்லி, தெரியாத ஏதோ ஒரு தெருமுனையில் இறங்கிப் போயிருக்கிறார்கள். யாருமே வருத்தப்பட்டதாக நினைவில்லை.

வெள்ளிக்கிழமை இறங்கினார். பத்துச் சீட்டு ஜோடியோடு இறங்கினார், நடு ஓட்டை வரிசையோடு இறங்கினார், அழகான தனி ஏஸோடு இறங்கினார். ராணி ஜோடியோடு திறந்து, மிட்ஸ் மேலே ஏற்றியதும், ரெண்டு சில்லை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். மிட்ஸ் புருவத்தைத் தூக்கினார். கோல்டி, "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று நெட்டியைக் கேட்டாள். மூன்று எட்டு வந்தபோது மட்டும் கடைசி வரை போய் ஒரு நல்ல குவியலை வாரினார். நுழைவுச் சில்லு தின்றதும் வாரியதும் சரிக்கட்டியதில், சங்கு ஊதும்போது நாற்பத்தொன்று இருந்தது. முந்தின நாளை விட மூன்று அதிகம்.

அன்று இன்னொன்றும் பார்த்தார். ஆட்டத்தைத் திறந்த மிட்ஸ் ஒரு சீட்டைக் கழித்தார். ஆனால் அதைக் கழிவுக் குவியலில் போடாமல் தம் சில்லுகளுக்கு அடியில் செருகினார். சாயங்காலம் அதைப் பற்றி நெட்டியிடம் கேட்டார்.

"ஜோடியை உடைச்சிட்டார்" என்றாள் அவள். "திறந்தவர் கடைசில தன்கிட்ட ஜாக்கி ஜோடியாவது இருந்துச்சுன்னு காட்டியாகணும். இல்லைன்னா கை செல்லாது. கையில ஜோடியும் இருக்கு, ஒரே இனத்துல நாலும் இருக்குன்னு வெச்சுக்க. இனத்தை நம்பி ஜோடியில ஒண்ணைக் கழிச்சா, கழிச்சதைத் தனியா வெச்சுக் காட்டணும்."

"அப்ப இன்ன சீட்டுக்குக் காத்திருக்கார்னு மேஜைக்கே தெரிஞ்சுடுமே?"

"தெரியும். ஆனா வந்துச்சா இல்லையான்னு தெரியாது. நானும் அப்படி ஆடுவேன். அஞ்சுல ஒரு தடவை வரும். வந்தா பந்தயம் கட்டுவேன். வராத நாலு தடவைல ஒரு தடவை வந்த மாதிரியே உதார் விட்டுக் கட்டுவேன்."

"எந்தத் தடவை?"

"அது தெரிஞ்சுட்டா அப்புறம் நான் எதுக்கு அங்க போறேன்?"

சனிக்கிழமை சீட்டு வரவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெண்டல் கையில் வந்ததெல்லாம் குப்பை. சரியாகக் கவிழ்த்தார், சரியாகத் தேய்ந்தார். ஒரு முறை ராஜா ஜோடியோடு போய் கோல்டியின் மூன்று நாலுச் சீட்டிடம் தோற்றார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை என்று கோல்டியே சொன்னாள். சொல்லிவிட்டுச் சில்லுகளை வாரிக்கொண்டாள். பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது அவரிடம் ஏழு சில்லு மீதி. ஒன்றை நுழைவுக்குப் போட்டார். ஆறு.

சீட்டைக் கலைத்துப் போட்டது மிட்ஸ். நெட்டி ரெண்டு சில்லை முன்னால் தள்ளினாள்.

"திறக்கறேன்."

கோல்டியும் ரெண்டு போட்டாள். வெண்டல் தம் சீட்டுகளைக் கொஞ்சமாக விரித்துப் பார்த்தார். ரெண்டு ஏஸ், ஒரு ராஜா, ரெண்டு உதிரி. ஏஸ் ஜோடி, ஜாக்கி ஜோடியை விடப் பெரியது. போக வேண்டிய கை. ரெண்டைத் தள்ளினார். கையில் நாலு நின்றது. மற்ற ஐந்து பேரும் கவிழ்த்துவிட்டார்கள்.

"எத்தனை சீட்டு?" என்றார் மிட்ஸ்.

"ஒண்ணு" என்றாள் நெட்டி. ஒரு சீட்டை உருவினாள். அதைக் கழிவில் போடாமல் தன் சில்லுகளுக்கு அடியில் செருகினாள்.

மேஜையில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஜோடியை உடைத்துவிட்டாள். ஒரே இனத்தில் நாலு வைத்திருக்கிறாள், ஐந்தாவதற்குப் போகிறாள்.

கோல்டி மூன்று வாங்கினாள். வெண்டல் ராஜாவை ஒரு கணம் பார்த்தார். அழகான ராஜா. கழித்துவிட்டு மூன்று வாங்கினார். வந்தவை ஆறு, ஒன்பது, இன்னொரு ஆறு. ஏஸ் ஜோடி, ஆறிலும் ஒரு ஜோடி.

நெட்டி தனக்கு வந்த சீட்டை எடுத்து மற்ற நாலோடு சேர்த்தாள். பார்த்தாள். கீழே கவிழ்த்து வைத்தாள். முகம் பாத்திரம் துடைக்கும்போது இருப்பது போலத்தான் இருந்தது.

"நாலு" என்றாள்.

கோல்டி சீட்டைத் தூக்கி எறிந்தாள். "எனக்கு இதுல வேலை இல்ல. இது உங்க வீட்டு விஷயம்."

நடுவில் பதினெட்டு சில்லு கிடந்தது. வெண்டல் முன்னால் நாலு. பார்க்க வேண்டுமென்றால் நாலும் போக வேண்டும்.

அவர் கணக்குப் போட்டார். ஐந்தாவது சீட்டு அவளுக்கு வந்திருந்தால் தம் ரெண்டு ஜோடி தோற்கும். வராவிட்டால் ஜெயிக்கும். வருவது ஐந்தில் ஒரு தடவை. உதாரும் ஐந்தில் ஒரு தடவை. அவள் பந்தயம் கட்டியாகிவிட்டது, எனவே இந்த இரண்டில் ஒன்று. பாதிக்குப் பாதி. நாலு போட்டால் பதினெட்டு. இப்படிப்பட்ட விலையில் யாராவது கவிழ்த்தால் அவனைக் கிளப்பிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும்.

அது சீட்டுக் கணக்கு. சாப்பாட்டுக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. இன்னும் இரண்டு ஆட்டத்தில் சங்கு ஊதிவிடும். அதற்கு ரெண்டு சில்லு நுழைவு. இப்போது கவிழ்த்தால் ரெண்டு சில்லு மிஞ்சும். ஒன்று போதும் என்றுதான் பந்தயம். கவிழ்த்தால் சாப்பாடு நிச்சயம். போட்டால் பாதி நிச்சயம்.

"கவுத்துடுப்பா" என்றாள் கோல்டி. "திங்கக்கிழமை சுடச் சுடச் சாப்பாடு. நானா இருந்தா எப்பவோ கவுத்திருப்பேன்."

"ஆட்டத்துல இல்லாதவங்க பேசக் கூடாது" என்றார் டெல்மர். அவர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெண்டல் மனைவியைப் பார்த்தார். மூன்று காலைகளாக எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல அவளைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் அவரை அவசரப்படுத்தவில்லை. கவிழ்க்கச் சொல்லிக் கண் காட்டவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஆள் போல, வந்தால் வரட்டும் என்று சும்மா இருந்தாள். அவரும் மற்ற ஏழு பேரைப் போல ஒரு ஆட்டக்காரர், அவ்வளவுதான். அப்படி அவள் தம்மை நினைத்தது வெண்டலுக்கு, என்னவோ, பிடித்திருந்தது. சாப்பாட்டுக்காகக் கவிழ்த்தால் அது இந்த ஆட்டம் இல்லை.

நாலு சில்லையும் நடுவில் தள்ளினார்.

"காட்டு."

நெட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஆர்ட்டின் ஜாக்கி. ஆர்ட்டின் ஒன்பது. ஆர்ட்டின் ஐந்து. ஆர்ட்டின் மூன்று. கடைசிச் சீட்டு, ஆர்ட்டின் ரெண்டு. பிறகு சில்லுக்கு அடியிலிருந்து கிளாவர் ஜாக்கியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், ஜோடி இருந்தது என்பதற்கு.

"செல்லும்" என்றார் டெல்மர், போய்விட்டார்.

கோல்டிதான் முதலில் மூச்சு விட்டாள்.

"நாலு சில்லுக்கு லஞ்சைக் குடுத்துட்டியே மனுஷா!"

வெண்டல் எழுந்து தொப்பியை எடுத்தார். நெட்டி சில்லுகளை அடுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"சரியா ஆடின."

"தோத்துட்டேன்."

"ஆமா. தோத்துட்ட."

அவள் அடுத்த ஆட்டத்துக்கு நுழைவுச் சில்லைப் போட்டாள். வெண்டல் தெருவில் இறங்கிப் பாதி தூரம் போன பிறகுதான் சங்கு ஊதியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, மகள் வீட்டில் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுப் பேச்சை வெண்டல் எடுக்கவில்லை. பந்தயம் பந்தயம்தான். ராத்திரி படுக்கப் போகுமுன் டப்பாவில் கலந்து கிடந்த பீன்ஸைத் தண்ணீரில் ஊறப் போட்டார். ஹாம் எலும்பு ஒன்று மிச்சம் இருந்தது. எத்தனை போட வேண்டும் என்று அளவு தெரியாததால் டப்பா முழுவதையும் கொட்டினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நெட்டி தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வெண்டல் வெங்காயம் நறுக்கினார். எலும்பைப் போட்டார். அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். பதினொன்றரைக்கெல்லாம் சூப் ஒரு மாதிரி கெட்டியாகிவிட்டது. ஒரு கிண்ணத்தை எடுத்து வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்து வைத்தார். பிறகு அதை அலமாரியிலேயே திருப்பி வைத்தார்.

தீயணைப்பு நிலையச் சங்கு ஊதியது. இரண்டு ஸ்பூன் சாப்பிட்டிருப்பார், கதவு திறந்தது.

நெட்டி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். தொப்பியைக் கழற்றவில்லை. கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு? கிளப்பை மூடிட்டாங்களா?"

"மஞ்சள் வில்லை வெச்சிட்டு வந்தேன். அரை மணி நேரம். ஊத்து."

வெண்டல் எழுந்து போய் இரண்டாவது கிண்ணத்தை எடுத்தார். அகப்பையால் அதை விளிம்பு வரை நிரப்பினார்.

"வில்லையா? நீயா? டெல்மர் என்ன சொன்னார்?"

"எனக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டார். கோல்டி டாக்டரைக் கூப்பிடவான்னா."

"பன்னெண்டு ஆட்டம் போகுமே."

"போகும்."

"அதுல ரெண்டு உன்னோடது."

"ஞாபகம் இருக்கு. ஸ்பூன் குடு."

அவர் கொடுத்தார். சுவரில் ஓய்வுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விஷயத்தைக் கேட்காமல் இருக்க வெண்டலால் முடியவில்லை. பந்தயப்படி சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஆனால் இது சீட்டாட்டத்தைப் பற்றிய கேள்வி என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

"சனிக்கிழமை நான் கவுத்திருந்தா?"

"சமைச்சிருப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான். காலைல ஒம்பது மணிக்கு. அடுப்பு மேல மூடி வெச்சிட்டுக் கிளம்பியிருப்பேன்." சூப்பை ஊதினாள். "சமைக்கிறேன்னுதான் பந்தயம். கூட ஒக்காந்து சாப்பிடறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

வெண்டல் திங்கட்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை நடந்த அத்தனையையும் ஒரு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. சொல்லவே இல்லை.

நெட்டி ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் விட்டு எடுத்தாள். வெள்ளை பீன்ஸுக்கு நடுவே ஒரு சிவப்பு வந்திருந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அதைச் சாப்பிட்டாள்.

"உப்பே இல்ல" என்றாள்.

"ஹாம் எலும்புல இருக்கும்னு நெனைச்சேன்."

"பத்தாது. நாளைக்கு முதல்லயே போட்டுடு."

கிண்ணத்தைக் காலி செய்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், எழுந்தாள். அவள் தெருமுனை திரும்புகிற வரை வெண்டல் ஜன்னலருகே நின்றார். வேகமாகத்தான் நடந்தாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

பிறகு அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு பீன்ஸ் வாங்கக் கடைக்குப் புறப்பட்டார்.